ட்ராசாவுல இறங்கணும்

காசெல்லாம் உள்ள வை தம்பி. இங்க பஸ்ல காசு வாங்க மாட்டாங்க, கார்டுதான். உனக்கும் சேர்த்து நானே தட்டிட்டேன். திருப்பித் தர்ற பேச்செல்லாம் வேணாம், தமிழ் பேசுற புள்ள ஒண்ணு கிடைச்சதே எனக்குப் போதும். ஸ்டாண்டுல நின்னு சிம் வேலை செய்யலன்னு போனைத் திட்டிக்கிட்டிருந்தியே, லௌடோக்கா பூரா கேட்டுச்சு. இங்க ஃபிஜியில எங்க ஆளுங்க வீட்ல எல்லாம் இப்ப இந்திதான். நாங்க பேசுற இந்தி ஒரு தினுசு, இந்தியாக்காரங்களுக்கே பாதி புரியாது. தமிழ் கோயில்ல மட்டும்தான் கேக்கும். எங்க அப்பா வீட்ல தமிழ்தான் பேசணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு, அதனால எனக்கு வாய் வருது. சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

எங்க இறங்கணும்? ட்ராசாவா? அட, நானும் அங்கதான் போறேன். கவலையை விடு, ஸ்டாப் வந்தா நான் சொல்றேன். நீ இந்தப் பக்கம் வா, ஜன்னல் ஓரம் நான் உக்காந்துக்குறேன். வெயில் நேரா மூஞ்சில அடிக்கும், உனக்குப் பழக்கம் இருக்காது. பையை மடியில வச்சுக்க. என் பேரா? பிரமிளா. அக்கான்னே கூப்புடு, ஆண்ட்டின்னு கூப்புட்டா எனக்கு வயசாயிடுச்சோன்னு பயம் வந்துரும்.

ஆமா, பையில தொங்குதே, அது பனிச்சறுக்கு மலைக்குப் போற ஸ்கீ பாஸ்தானே? எனக்கு எப்படித் தெரியுமா? ஃபிஜிக்காரிக்குப் பனியைப் பத்தி என்னா தெரியும்னு நெனைக்கிற, அதான? நியூசிலாந்துல பனி மூடின அந்த எரிமலைல நான் எத்தனையோ வருஷம் குப்பை கொட்டியிருக்கேன் தம்பி. பாஸ் விக்கிற கவுண்டர்ல. ஜூன்ல போவேன், அக்டோபர்ல வந்துருவேன். இங்கேர்ந்து நிறைய பேர் அப்படித்தான் போறோம். ரெண்டாயிரத்துல இங்க ஆட்சியைக் கவுக்கற அந்தக் கலகம் வந்துச்சே, அதுக்கப்புறம் ஆரம்பிச்சது. நீ அப்ப ஸ்கூல் போயிருந்திருப்ப. தலைநகரம் சுவாவுல எங்க ஆளுங்க கடையெல்லாம் எரிஞ்சுது, இந்த ரோட்டுல துப்பாக்கி வச்சுக்கிட்டு பஸ்ஸை நிறுத்திப் பாப்பாங்க. அதோட எங்க கரும்பு நிலத்துக்குக் குத்தகையும் முடிஞ்சுது, நிலத்துக்காரங்க புதுப்பிக்கல. புள்ளையைத் தூக்கிக்கிட்டு பிளேன் ஏறிட்டோம். டிராக்டர் ஓட்டுற கைக்கு அங்க பனியிலதான் வேலை கிடைச்சுது. என் கை இல்ல, என் வீட்டுக்காரர் கை. நான் கவுண்டர்ன்னு சொன்னேனே.

இது வார நாள் பாஸ் மாதிரி தெரியுதே. இந்த வருஷத்தோடதா? அப்ப அடுத்த வருஷத்துக்கு இன்னும் வாங்கல. ஐயோ, முன்கூட்டி வாங்குறவங்களுக்கு விலை குறைச்சுத் தர்றது இன்னிக்கு ராத்திரியோட முடியுது, தெரியும்ல? தெரிஞ்சுமா இப்படி உக்காந்திருக்க? எதை எடுக்கறதுன்னு முடிவு பண்ணலியா. சரி, நல்ல ஆளுகிட்டதான் மாட்டியிருக்க, கேளு.

முழு சீசன் பாஸ் இருக்கே, அது ஆசைக்காரன் வாங்குறது. எந்த நாள்னாலும் போலாம். ஆனா வாங்கினவனைப் பாரு, போகாத ஒவ்வொரு நாளும் நஷ்டம்னு அவன் மண்டையில ஓடிக்கிட்டே இருக்கும். ஜுரத்தோட வருவான், மழையில வருவான், காத்து அடிச்சு மலை மேல தூக்கிக்கிட்டுப் போற லிஃப்ட்டை மூடிட்டா காபிக் கடையில உக்காந்து நம்மளைத் திட்டுவான். காத்துக்கு மூடினா பணம் திரும்பாதுன்னு பாஸ் பின்னாடியே எழுதியிருக்கும், எவன் படிக்கிறான். வார நாள் பாஸ் மலிவு, கூட்டம் இருக்காது, ஆனா லீவு குடுக்குற முதலாளி வேணும். உனக்கு வீட்லேர்ந்தே கம்ப்யூட்டர் வேலையா? அதான பாத்தேன். அப்புறம் பத்து நாள் பாஸ். சீசன்ல எந்தப் பத்து நாளையும் பொறுக்கிக்கலாம். அது கெட்டிக்காரன் வாங்குறது, வானிலையைப் பாத்து நல்ல நாளா எடுத்துக்குவான். ஆனா அவனுக்கு மலை மேல பாசமே வராது. நான் சொல்றதைக் கேளு, நீ ஒத்தை ஆளு, வார நாள் பாஸையே திரும்ப எடுத்துக்க. ஒரு வம்பும் இல்ல.

என்னது, ஜோடி பாஸா? அதுக்கு ரெண்டு பேரு வேணுமேப்பா. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கணும்னு சட்டம் வேற. ஓ, வெக்கத்தைப் பாரு. காதெல்லாம் செவந்து போச்சு. அதான் முடிவு பண்ண முடியலியா? இன்னிக்கு அந்தப் பொண்ணு வீட்ல கேட்டுட்டு, சரின்னா ஜோடி பாஸ், இல்லன்னா ஒத்தை. அப்ப ட்ராசாவுக்குப் பொண்ணு கேக்கத்தான் போற. தனியாவா? அப்பா அம்மா யாரும் வரலியா? ஓகோ, தனியா வந்து நேர்ல கேக்கணும்னு அந்தம்மா நிபந்தனை போட்டாங்களா. அந்தப் பொண்ணையும் கூட வரக்கூடாதுன்னுட்டாங்களா. நல்ல அம்மாதான். யாரு அது, நம்ம ட்ராசாவுல எனக்குத் தெரியாத வீடு ஏது.

ஊர்மிளாவா?

ஐயோ பாவம் தம்பி நீ.

இல்ல, சும்மா சொன்னேன். நல்லாத் தெரியும், நானும் அவளும் ஒண்ணா வேலை பாத்தவங்கதான். சிவன் சம்சாரம். அந்த மனுஷன் தங்கம், வாயில விரலை வச்சாலும் கடிக்கத் தெரியாது. அவரு உன்னைப் பாத்த உடனே டீ குடிக்கிறியான்னு கேப்பாரு, அதோட அவரு சம்மதம் முடிஞ்சுது. ஆனா அந்த வீட்ல அவரைக் கேட்டு ஒண்ணும் நடக்காது. மூக்குக்கு மேல கோவம் அவளுக்கு. ஒத்தைப் பொண்ணு, வந்தனா, நியூசிலாந்துல ஹாமில்டன்ல ஆஸ்பத்திரி லேப்ல வேலை. அவளை உள்ளங்கையில வச்சு வளர்த்தா. போன மாசம்தான் அந்தப் பொண்ணு உன்னைப் பத்தி வாயைத் திறந்துச்சாம். ஊர்மிளா ரெண்டு நாள் அடுப்பு பத்த வைக்கலன்னு சிவன் வந்து என்கிட்ட அழுதாரு, அவருக்குப் பசி. ஊர்மிளாவைப் பாத்திருக்கியா? போட்டோவுல மட்டும்தானா. பனியில எடுத்ததா? அதுல என்னா தெரியும், தொப்பியும் கண்ணாடியும்தான் தெரியும். அவ மலையில பனியை வாருற மெஷின் ஓட்டுறவ, ராத்திரி வேலை, பகல்ல தூங்குவா. நீங்கல்லாம் மலைக்கு வர்றப்ப அவ போர்வைக்குள்ள இருப்பா. அதான் நீ பாத்திருக்க மாட்ட.

ட்ராசாவா? இல்லல்ல, இது வேற ஊரு. உக்காரு உக்காரு. கரும்பு லாரி வரிசையா நிக்குது பாரு, மில்லுக்குப் போறது, அதனால பஸ் ஊர்ந்துதான் போகும். வேர்க்கடலை சாப்புடு. அவிச்ச கடலை, மார்க்கெட்ல இப்பதான் வாங்கினேன். அந்தப் போனை உள்ள வையேன், சிக்னல்தான் இல்லியே, அதைத் தடவித் தடவி என்னா ஆகப் போகுது.

நான் என்னா சொல்லிக்கிட்டிருந்தேன்? பாஸ். ஒரு விஷயம் சொல்றேன், இது எந்தக் கவுண்டர்லயும் சொல்ல மாட்டாங்க. பாஸ் வாங்க வர்றவன் எத்தனை லிஃப்ட் ஓடுதுன்னு கேப்பான், காபிக் கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்கன்னு கேப்பான். நீங்க எத்தனை மெஷின் வச்சுப் பாதையை வாருறீங்க, எந்தெந்தச் சரிவை தினமும் வாருவீங்கன்னு ஒருத்தனும் கேட்டதில்ல. அதுதான் முதல்ல கேக்கணும். பனி விழுந்தா போதும்னு நெனைக்கிறாங்க. விழுந்த பனி அப்படியே கிடந்தா அது மேடு பள்ளமா, காட்டு மாதிரி கிடக்கும். நாள் பூரா ஆளுங்க சறுக்கிச் சறுக்கி நல்ல பனியெல்லாம் கீழ வந்து குமிஞ்சிரும், மேல ஐஸ் பல்லைக் காட்டும். மெஷின் முன்னாடி ஒரு பெரிய பலகை இருக்கும், அதை வச்சுக் கீழ இருக்கிறதை மேல தள்ளிக்கிட்டுப் போவணும். பின்னாடி உருளை சுத்தும், அது கட்டியை உடைச்சுத் தூளாக்கி அமுக்கிவிடும். காலைல பாத்தா சீப்பு வச்சு வாரின தலை மாதிரி வரி வரியா இருக்கும். அதுல முத ஆளா இறங்குறது இருக்கே, அதுக்காகத்தான் ஜனங்க பாஸே வாங்குறாங்க. யாரு வாரினான்னு யாருக்கும் தெரியாது. தெரியவும் வேணாம், நமக்கு அது பழகிப் போச்சு. அவளுக்கு, ஊர்மிளாவுக்கு, பழகிப் போச்சு.

சரியா வாரினா மட்டும் போதாது, உறைய விடணும். அங்கதான் சூட்சுமம். உறை ஊத்தின பாலை ஆட்டிக்கிட்டே இருந்தா தயிராகுமா? அதே கதைதான். வாரி முடிச்ச பனியை ஒரு மணி, ரெண்டு மணி நேரம் யாரும் தொடாம விட்டா இறுகி நிக்கும், நாள் பூரா தாங்கும். அதுக்குள்ள ஒருத்தன் மிதிச்சான்னா அவன் தடம் அப்படியே கல்லாயிரும், பின்னாடி வர்றவன் பூரா அதுல தடுக்குவான். அதனாலதான் கயிறு கட்டி வைக்கிறது. ஆனா கயிறைக் கண்டாலே சில பேருக்குக் கீழ குனியணும்னு தோணும். எல்லாரும் படிச்சவங்கதான், டாக்டர், வக்கீல். பாஸ் வாங்கியிருக்கேன், எனக்கு உரிமை இருக்குன்னு சண்டைக்கு வருவாங்க.

அரே, நீ எதுக்கு எட்டி எட்டிப் பாக்குற? நான்தான் சொல்றேன்னு சொன்னேன்ல? அது ஸ்கூலு. இந்த ரோட்டுல எல்லா ஸ்கூலும் ஒரே மாதிரி இருக்கும். டிரைவர் மாரிஸ் நமக்குத் தெரிஞ்ச பையன், எங்க நிறுத்தணும்னு அவனுக்குத் தெரியும். நீ கடலையைச் சாப்புடு.

கயிறுன்னதும் ஞாபகம் வருது. இந்த ஆகஸ்ட்ல ஒரு புயல் வந்துச்சே, மலையே மூடிக் கிடந்துச்சு. புயல் விட்டு வெயில் அடிச்ச அன்னிக்கு ஊரே திரண்டு வந்துருச்சு, பாஸ் வச்சிருக்கவன் ஒருத்தன் பாக்கியில்ல. ஆனா புயல்ல மெஷினை வெளிய எடுக்கவே முடியல, அதனால நல்லா விடிஞ்சும் வேலை முடியல. மேல ஒரு சரிவு இருக்கு, செங்குத்து. அதுல மெஷின் தானா ஏறாது. உச்சியில ஒரு தூணுல இரும்புக் கம்பியை மாட்டி, அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் ஏறி இறங்கணும். அந்தக் கம்பி விரல் தடிமன்தான். ஒரு நேரம் தளர்ந்து பனிக்குள்ள கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. மெஷின் இழுத்ததும் விறைச்சு இடுப்பு உயரத்துக்குத் துள்ளும். அந்த நேரத்துல குறுக்க ஆளு வந்தா அவ்வளவுதான், என் வாயால சொல்ல மாட்டேன். கயிறு கட்டியாச்சு, பலகை வச்சாச்சு, மஞ்ச விளக்கு சுத்துது. அப்படியும் ஒரு ஸ்கூல் கும்பல், சின்னச் சின்னதுங்க, வாத்தியார் எங்க போனாரோ, கயிறுக்குக் கீழ குனியுதுங்க. கண்ணாடியில பாக்குறேன். மெஷினை நிறுத்திட்டேன், ஆனா கம்பி விறைச்சு நிக்குது, தளர விட்டா துள்ளும், இழுத்தாலும் துள்ளும். ஹார்னை அமுக்குறேன், அதுங்க விளையாட்டுன்னு நெனைச்சுக் கை ஆட்டுதுங்க. அப்ப எவனோ ஒருத்தன், ஸ்கீயைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நடந்து வந்தவன், அதை வீசிட்டு ஓடி வந்து கயிறு முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னான். ஒண்ணு அதுக்குள்ள உள்ள போயிருச்சு. அதைச் சட்டையோட புடிச்சு இழுத்து, ரெண்டு பேரும் பனியில உருண்டாங்க. புள்ளைங்க எல்லாம் வெளிய போன பிறகுதான் கம்பியைத் தளர்த்தினேன். இறங்கி ஓடிப் போய்ப் பாக்குறேன், அவனைக் காணோம்.

நானா? நான்னா சொன்னேன்? அவ சொன்னதுப்பா. அவ சொல்லிச் சொல்லி எனக்கே ஓட்டின மாதிரி ஆயிடுச்சு. அவளுக்கு அன்னிக்குச் சோறு இறங்கல. இந்தக் கையால ஒரு புள்ளையைக் கொன்னிருப்பேனேன்னு அழுதா. அந்த ஆளு யாருன்னு மலை பூரா விசாரிச்சா. மூஞ்சி தெரியல, எல்லார் மாதிரியும் தொப்பி, கண்ணாடி. ஏதோ ஒரு பாஷையில கத்தினான், எங்களுக்கு விளங்கலன்னு அந்தப் புள்ளைங்க சொல்லுச்சுங்களாம். ஸ்பானிஷ்காரனா இருக்கும்னு முடிவு பண்ணிட்டாங்க.

என்னா தம்பி, ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்ட?

என்னான்னு சொல்லு, முழுங்காத.

நீயா?

நீ எதுக்கு அந்தச் சரிவுக்குப் போன, உனக்குச் சறுக்கவே சரியா வராதுங்கிறியே. தப்பான லிஃப்ட்ல ஏறிட்டியா. மேல போய் நின்னு கீழ பாத்துட்டு, பயந்து போய் ஸ்கீயைக் கழட்டிட்டு நடந்து இறங்கப் பாத்தியா. கடவுளே. அந்த விளக்கு சுத்தற இடத்துல ரொம்ப நேரமா நின்னியா, உள்ள போகக் கூடாதுன்னு எழுதியிருந்ததால. எல்லாரும் தாண்டுறப்ப நீ மட்டும் ஏன் நின்ன? எழுதியிருக்கேன்னா. அவ்வளவுதானா காரணம். சரி. என்னான்னு கத்தின? நில்லுங்கடா, உள்ள போகாதீங்கடான்னா? தமிழ்லயா? இங்கிலீஷ் ஞாபகமே வரலியா?

ஒண்ணுமில்ல தம்பி. தூசி. இந்தக் கரும்பு லாரி போனாலே கண்ணுல தூசிதான். கொஞ்ச நேரம் பேசாம இரு. இல்ல, நீ எங்க பேசின, நான்தான் பேசிக்கிட்டே வர்றேன்.

இந்தா, தண்ணி குடி. நானும் ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும், மறைக்காம சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்லிடறேன். அப்பதான் ஊர்மிளா ஏன் இப்படி முறுக்கிக்கிட்டிருக்கான்னு உனக்குப் புரியும். அவளுக்கு ஒரு அக்கா, கம்லா. எண்பத்தேழுல முதல் கலகம் வந்தப்ப வீட்ல எல்லாரும் பயந்து போயிட்டாங்க. யாராவது ஒருத்தர் வெளிய போயிட்டா போதும், மத்தவங்களைக் கூப்புட்டுக்கலாம்னு பேச்சு. கனடாவுல ஒரு மாப்பிள்ளை, நம்ம ஊர்க்காரன்தான், போட்டோ வந்துச்சு. கம்லா போட்டோவும் போச்சு. அவளை யாரும் பிடிச்சிருக்கான்னு கேக்கல. அவளும் கேளுங்கன்னு சொல்லல. கல்யாணம் பண்ணிப் போனா. போன்ல பேசுறப்பல்லாம் நல்லாயிருக்கேன்னுதான் சொல்லுவா. ரெண்டு தம்பிங்களைக் கூப்புட்டுக்கிட்டா, ஒரு சித்தப்பாவைக் கூப்புட்டுக்கிட்டா. எல்லாரும் அவ முதுகு மேல கால் வச்சுத்தான் ஏறினாங்க. அந்த வீட்ல சாப்புட்டியான்னு என்னை யாரும் கேட்டதில்லடின்னு, எங்க அப்பா காரியத்துக்கு வந்தப்பதான் வாயைத் திறந்தா. இப்ப கம்லாவுக்கு ஒரு குறையும் இல்ல, கவலைப்படாத. அந்த ஆளை விட்டுட்டு ஸ்கூல் பஸ் ஓட்டுறா, அந்தக் குளிர்ல பஸ் ஓட்டிக்கிட்டு நம்மளை எல்லாம் கிண்டல் பண்ணுறா. ஆனா என் பொண்ணை ஒருத்தனும் ஏணியா வச்சு ஏறக் கூடாதுன்னு ஊர்மிளா அன்னிக்கே முடிவு பண்ணிட்டா. வந்தனாவுக்கு அங்க நிரந்தரமா இருக்கலாம்னு பேப்பர் இருக்கு. உனக்கு இல்ல. அதுதான் அவ நெஞ்சுல குத்துது.

அதனால கேக்குறேன். உன் விசா எப்ப முடியுது?

அடுத்த ஆகஸ்டா. அதுக்கப்புறம்? வந்தனா கையெழுத்துப் போட்டா உனக்குப் பேப்பர் கிடைக்கும்ல.

ம். ம். சொல்லு, நிறுத்தாத.

கம்பெனி வழியா நீயே மனு போட்டிருக்கியா. அது கைக்கு வர்ற வரைக்கும் கல்யாணத்தைப் பதிவு பண்ண மாட்டேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கியா. வராமப் போச்சுன்னா? ஊருக்குப் போயிட்டு அங்கேர்ந்து திரும்ப மனு போடுவேங்கிற. எத்தனை வருஷம் ஆனாலுமா? அவ ஒத்துக்கிட்டாளா? உன்கிட்ட சண்டை போட்டாளா, அவ சண்டை போடுவா, அம்மா புத்தி. இதை ஏன் அவ வீட்ல சொல்லல? போன்ல சொன்னா யாரும் சொல்லலாம், நேர்ல வந்து கண்ணைப் பாத்துச் சொல்றேன்னு நீதான் அவளைச் சொல்ல வேணாம்னியா.

சரி தம்பி. எனக்குப் போதும்.

அதோ தெரியுது பாரு, உயரமா, புகை போகுதே. அது சக்கரை மில்லு. நல்லாப் பாத்துக்க, ரொம்பப் பழைய மில்லு. பா-ன்னு ஒரு ஊரு, அந்த ஊரு மில்லு அது. நாம பாவுக்கு வந்துட்டோம்.

உக்காரு, எந்திரிக்காத, பஸ் ஓடுது. ட்ராசாவா? ட்ராசா எப்பவோ போச்சுப்பா. லௌடோக்கா தாண்டின கொஞ்ச நேரத்துலயே வந்துருச்சு. நீ பத்து நாள் பாஸா, முழு பாஸான்னு யோசிச்சுக்கிட்டிருந்த. ஸ்டாப்ல என் வீட்டுக்காரர் குடையைப் புடிச்சுக்கிட்டு உன்னைக் கூட்டிக்கிட்டுப் போக நின்னாரு, நான் ஜன்னல் பக்கம் சாஞ்சு மறைச்சுக்கிட்டேன். மாரிஸ்கிட்ட நிறுத்தாதடான்னு ஏறுறப்பவே சொல்லி வச்சிருந்தேன். இங்க பாவுல உன்னை இறக்கி, நேரா ஏர்போர்ட்டுக்குப் போற பஸ்ல ஏத்திவிட்டு, வந்தனா அம்மா ஊர்ல இல்ல, இன்னொரு நாள் வாப்பான்னு அனுப்பிடலாம்னுதான் லௌடோக்கா ஸ்டாண்டுக்கே உன்னைத் தேடி வந்தேன். பேச்சு குடுத்துக்கிட்டே இருந்தா நீ வெளிய பாக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். பேசுறதுக்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம்.

முழிக்காத. பிரமிளாங்கிறது என் நாத்தனார் பேரு, அவசரத்துக்கு வாய்ல வந்துச்சு. வீட்ல சிவன்கிட்ட மீன் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன், மீனும் வாங்கல. அந்த மனுஷன் காலைலேர்ந்து சமைச்சு வச்சிருக்காரு, உங்களுக்குன்னு பாயசம் வேற. இப்ப ரெண்டு பேரையும் காணோம்னு தெருவுல நிப்பாரு.

பையைக் குடுங்க, நான் எடுத்துக்கறேன். அட, நீங்க தூக்கக் கூடாது, குடுங்கன்னா. மெல்ல இறங்குங்க, படி உயரம். எதிர்ல திரும்பிப் போற பஸ் நிக்குது பாருங்க, ட்ராசாவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க. நியூசிலாந்துலேர்ந்து கிளம்பி இவ்வளவு தூரம் என்கிட்ட ஏதோ கேக்கணும்னு வந்தீங்களே மாப்ளே, அதைக் கேளுங்க. இனிமே நான் வாயைத் திறக்கல.